வேக நடையா, வெயிட்டா, ஹெச்ஐஐடியா? அழற்சி குறைய எது யாருக்கு?

உடம்பில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) எவ்வளவு என்று சிஆர்பி என்ற புரதத்தை அளந்து காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ஹெச்எஸ்-சிஆர்பி. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எந்த எக்சர்சைஸ் செய்தால் இது இறங்கும்?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. தினமும் வேகமா நடங்க என்கிறார் டாக்டர், வெயிட் தூக்குங்க என்கிறார் ஜிம் மாஸ்டர், இருபது நிமிஷ ஹெச்ஐஐடி (கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) போதும் என்கிறது யூடியூப். மூன்றையும் ஒப்பிடலாம், ஆனால் செய்கிற ஆள் யார் என்பதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

முதலில் உள்ளே நடப்பது. தசை சுருங்கும்போது இன்டர்லூகின்-6 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. கோவிட் நேரத்தில் இந்தப் பெயரைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். தசையிலிருந்து சில மணி நேரம் மட்டும் வந்துபோகும் இது வேறு மாதிரி வேலை செய்கிறது, இதன் பின்னாலேயே அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 போன்றவை ஏறுகின்றன. 2003இல் கோபன்ஹேகனில் ஆரோக்கியமான ஆண்களுக்கு ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சைத் துளியளவு ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா இருந்தபோது டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் இரண்டு மூன்று மடங்கு ஏறியது; சைக்கிள் மிதித்திருந்தபோது அந்த ஏற்றமே இல்லை.

இந்த உடனடி விளைவை மட்டும் பார்த்தால், பெரிய தசைகள் நீண்ட நேரம் உழைக்கும் ஓட்டமும் சைக்கிளும்தான் முன்னால் நிற்கும். கையில் டம்பெல் தூக்குவதும் குட்டி ஹெச்ஐஐடியும் அந்த அளவுக்கு இன்டர்லூகின்-6ஐ ஏற்றுவதில்லை. இங்கேயும் ஆளுக்கு ஆள் மாறும். பழகிய உடம்பில் அதே வேலைக்கு ஏற்றம் குறைவு, தசையில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்திருந்தால் அதிகம், நடுவில் குளுக்கோஸ் குடித்தால் மறுபடி குறைவு.

சரி, மாதக்கணக்கில் செய்தால்? இங்கேதான் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஆய்வில் 20 வாரம் பயிற்சி கொடுத்தார்கள்: தொடக்கத்தில் சிஆர்பி (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 3க்கு மேல் இருந்தவர்களுக்கு இறங்கியது, ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு அசையவில்லை. 2010இல் வந்த இன்ஃப்ளேம் ஆய்வோ சிஆர்பி 2க்கு மேல் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்து நான்கு மாதம் பயிற்சி கொடுத்தது; மொத்தமாகப் பார்த்தால் சிஆர்பி குறையவில்லை, எடை குறைந்தவர்களுக்குத்தான் அதுவும் குறைந்தது. என் கணிப்பில் தொடக்க அளவு, கொழுப்பு, இந்த இரண்டும்தான் பெரிய காரணிகள், பயிற்சியின் வகை அதற்கு அப்புறம்தான்.

அதனால் தொப்பை உள்ள நாற்பது ஐம்பது வயதுக்காரருக்கு என் ஓட்டு வேக நடைக்கு, கூடவே தட்டில் சோற்றைக் குறைப்பதற்கு. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்புதான் அழற்சியை ஊட்டிக்கொண்டே இருக்கிறது, அடிபோனெக்டின் என்ற நல்ல புரதத்தையும் குறைக்கிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற நம் ஊர் உடல்வாகில் எடை மெஷின் பொய் சொல்லும், இடுப்பளவைப் பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, 2019இல் வந்த டென்மார்க் ஆய்வில் இன்டர்லூகின்-6ஐ மருந்தால் தடுத்துவிட்டு 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தபோது அந்த உள்கொழுப்பு கரையவே இல்லை. தசை விடும் அந்தச் சமிக்ஞை அவ்வளவு முக்கியம்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற, தசை வற்றத் தொடங்கிய பெண்களுக்கு, வெறும் நடையைவிட வெயிட்டும் சேர்ந்த திட்டம்தான் சரி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினாலே போதும். தசை இருந்தால்தான் அது எதையாவது ரத்தத்தில் விட முடியும், அம்மாக்களை "நீங்க நடந்தா மட்டும் போதும்" என்று அனுப்பிவிடுவது எனக்கு வருத்தமான விஷயம். ஹார்மோன் மாத்திரை விழுங்குபவர்களுக்கு சிஆர்பி அதனாலேயே ஏறும், கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதனாலேயே இறங்கும், இரண்டையும் பயிற்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஹெச்ஐஐடி? நேரம் இல்லாதவருக்கு நல்லது, இதயத் திறன் நன்றாக ஏறும். ஆனால் அழற்சிக்கு மற்றதைவிட மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல வருஷம் அசையாமல் இருந்த, பிரஷர் உள்ள ஆள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. ஒல்லியாக, தினமும் ஓடும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு சிஆர்பி 0.5 என்றால் எந்தப் பயிற்சியும் அதை இன்னும் இறக்கப்போவதில்லை, வேண்டியதும் இல்லை.

டெஸ்ட் எடுக்கும் நாளையும் பாருங்கள். ஜிம்மில் கால் தசைகளுக்கான கடுமையான லெக் டே, அரை மராத்தான் முடிந்த மறுநாள் எடுத்தால் சிஆர்பி ஏறித்தான் இருக்கும். சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் இருந்தாலும் அப்படியே. 10க்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், கிருமித்தொற்று ஏதாவது இருந்தால் அது ஆறியபின் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அந்த எண்ணை வைத்துப் பயிற்சியை முடிவு செய்யுங்கள்.