கேட்காமலே நீளும் அரேக்கள்: நம்பை, ஜூலியா, ஆர்

சரியான விடைகள் 1, 2, 3. மாடல் கணித்ததும் அதே 1, 2, 3. சராசரி வர்க்கப் பிழை பூஜ்ஜியம்தானே வர வேண்டும்? பைத்தானின் அரே (எண்களின் அட்டவணை) நூலகமான நம்பையில் 1.33 வரும். விடையின் வடிவம் (3,), அதாவது வெறும் மூன்று எண்கள், கணிப்பின் வடிவம் (3, 1), அதாவது மூன்று வரிசை ஒரு நெடுவரிசை, என்று இருந்தால் போதும். கழித்ததும் 3×3 அட்டவணை ஒன்று முளைத்துவிடும். ஒவ்வொரு கணிப்பும் எல்லா விடைகளோடும் மோதும். ஒன்பது வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 12, ஒன்பதால் வகுத்தால் 1.33. எர்ரர் எதுவும் வராது. நான் இதில் அரை நாள் தொலைத்தேன், மாடலைத் திட்டிக்கொண்டே.

நம்பையின் விதி சின்னது. இரண்டு வடிவங்களையும் வலது ஓரமாக ஒட்டி வைத்துப் பார்க்கும். நேருக்கு நேர் வரும் எண்கள் சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒன்று 1 ஆக இருக்க வேண்டும்; அந்த 1 மற்றதன் அளவுக்கு நீளும். இதற்குப் பெயர் பிராட்காஸ்டிங். இடப்பக்கம் குறைகிற அச்சை 1 என்று தானே போட்டுக்கொள்ளும். அதனால்தான் (1080, 1920, 3) என்ற படத்திலிருந்து மூன்று நிறங்களின் சராசரியை, அதாவது (3,) என்ற அரேயை, அப்படியே கழிக்க முடிகிறது. அந்த மூன்று எண்களை டைல் ஃபங்ஷனால் படத்தின் அளவுக்குக் காப்பி எடுத்தால் ஃப்ளோட்64 (ஓர் எண்ணுக்கு 8 பைட்) கணக்கில் கிட்டத்தட்ட 5 கோடி பைட். பிராட்காஸ்டிங்கில் அது 24 பைட்டாகவே இருக்கும். நீட்டிய அச்சில் ஸ்ட்ரைடை (அடுத்த எண்ணுக்கு நினைவகத்தில் நகரும் தூரம்) 0 என்று வைத்து, அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் படிக்கும். வேகத்துக்காக டைல் பக்கம் போக வேண்டியதே இல்லை.

ஜூலியா என்ற நிரல்மொழி இரண்டு இடங்களில் வேறுபடுகிறது. முதலாவது, புள்ளி. கழித்தல் குறிக்கு முன்னால் புள்ளி வைத்தால்தான் நீட்டும். வைக்காமல் படத்திலிருந்து மூன்று எண்களைக் கழிக்கச் சொன்னால் டைமென்ஷன் மிஸ்மேட்ச் என்று நிறுத்திவிடும். அந்த ஒரு புள்ளிக்கு இன்னொரு லாபமும் உண்டு: சராசரியைக் கழித்து விலக்கத்தால் வகுக்கும் இரண்டு படிகளும் ஒரே லூப்பாக இணைந்துவிடும். நம்பை நடுவில் ஒரு தற்காலிக அரேயை உண்டாக்கும், இந்தப் படத்துக்கு அதுவே இன்னொரு 5 கோடி பைட்.

இரண்டாவது, ஒட்டுவது இடது ஓரமாக. ஆகவே மேலே சொன்ன (3,), (3, 1) ஜோடி அங்கே வெடிக்காது. வெக்டர் என்றாலே நெடுவரிசை. ஆனால் கணிப்பு 1×3 ஆக வந்து, நீங்களும் புள்ளி வைத்துவிட்டால் அதே 3×3தான். புள்ளி உங்கள் சம்மதத்தைக் கேட்கிறது, வடிவத்தைச் சரிபார்ப்பதில்லை. நிற சராசரியைக் கழிக்க (1, 1, 3) என்று நீங்களே மாற்றித் தரவும் வேண்டும்.

கணக்குமொழியான மேட்லேப் R2016b பதிப்புக்கு முன்பு வரை, நீட்டுவதற்கு பிஎஸ்எக்ஸ்ஃபன் என்ற ஃபங்ஷனை வெளிப்படையாகக் கேட்டது, அந்தப் பதிப்பிலிருந்து நம்பை போலத் தானாகவே செய்யத் தொடங்கியது. விதி ஜூலியாவுடையது, மௌனம் நம்பையுடையது.

தலைப்பில் உள்ள மூன்றிலும் எனக்கு அதிகம் பயம் புள்ளியியல் மொழியான ஆர் மேல்தான். மேட்ரிக்ஸோடு வெக்டரைச் சேர்க்கும்போது அது வடிவத்தையே பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறது. 3×2 மேட்ரிக்ஸோடு 10, 20 என்ற இரண்டு எண்களைக் கூட்டுங்கள். முதல் நெடுவரிசைக்குப் பத்து, இரண்டாவதற்கு இருபது என்று நினைப்போம். ஆர் மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டே போகும்: முதல் நெடுவரிசைக்கு 10, 20, 10, அடுத்ததற்கு 20, 10, 20. ஆறு இரண்டால் வகுபடுவதால் எச்சரிக்கைகூடக் கிடையாது. எந்த அச்சில் என்று சொல்லிச் செய்யவைக்கும் ஸ்வீப் ஃபங்ஷன் இருப்பது இதற்காகத்தான்.

புதிதாக எழுதுவதென்றால், அதுவும் பெரிய அரேக்களில் நீளமான கணக்கென்றால், ஜூலியாதான் என் தேர்வு. வேலையோ பெரும்பாலும் நம்பையில்தான். அங்கே சராசரி எடுக்கும்போதெல்லாம், சுருங்கிய அச்சை 1 ஆக விட்டுவைக்கும் கீப்டிம்ஸ் போட்டுவிடுகிறேன். சதுர மேட்ரிக்ஸில் வரிசைச் சராசரியைக் கழிக்கும்போது அது இல்லாவிட்டால் நெடுவரிசைவாரியாகக் கழிந்து, வடிவமும் சரியாகவே தெரியும். பிழையைக் கணக்கிடும் வரிக்கு முன்னால் இரண்டு வடிவமும் ஒன்றுதானா என்று ஒரு அசர்ட் (பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனை). மாடல் பயிற்சி நூலகமான பைடார்ச்சின் எம்எஸ்இ லாஸ் (சராசரி வர்க்கப் பிழை) இந்த இடத்தில் தானாகவே எச்சரிக்கும், லாக்கில் அந்த வரியைத் தாண்டிப் போகாமல் இருந்தால்.