ஓட்டைத் தளமும் எனர்ஜிபிளஸும்: மூன்று கோடை ஓட்டிப் பார்த்ததில்

ராயபுரத்தில் எங்கள் வீடு மேல்மாடி. மே மாத ராத்திரி ஃபேன் சுற்றச் சுற்ற, மேலேயிருந்து அனல்தான் இறங்கும். 5 அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து வர வெயிலின் சூட்டுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும். மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் இருந்தால் இன்னும் தாமதம். இந்தச் சூட்டைக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பும்.

மூன்று வருஷம் முன்பு தண்டையார்பேட்டையில் ஒரு ஹாலுக்கு ஓட்டைத் தளம் சரிப்படுமா என்று கேட்டார்கள். தளத்துக்குள் நீளவாக்கில் குழாய் மாதிரி ஓட்டை விட்டு, அதில் காற்றை ஓட்டுவது. இரவுக் குளிர்ச்சியைக் கான்கிரீட் பிடித்து வைத்துப் பகலில் தரும். குளிர்நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்கும். ஸ்வீடன்காரர்களின் டெர்மோடெக் இந்த வகைதான். இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஃப்ரை கட்டிடத்தில் 1995 முதல் இருக்கிறது.

கணக்குக்கு எனர்ஜிபிளஸ் எடுத்தேன்; கட்டிடத்தின் சூட்டைக் கணக்கிடுகிற மென்பொருள். அமெரிக்க எரிசக்தித் துறையுடையது, இலவசம். இதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு: ஓட்டையின் விட்டம், நீளம், எண்ணிக்கை, தளத்தில் எந்த அடுக்குக்கு அப்புறம் சூடு கலக்கிறது என்று கொடுக்க வேண்டும். முதல் கோடையில் அங்கேதான் சறுக்கினேன். அடுக்குகளை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வரிசைப்படுத்த வேண்டும்; நான் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். ஸ்லாப் ஜோராகக் குளிர்ந்தது, ஹாலில் ஒரு மாற்றமும் இல்லை. நடுவே இருந்த தெர்மோகோல் ஹாலை விட்டுவிட்டு வானத்துக்குக் குளிர்ச்சி அனுப்பிக்கொண்டிருந்தது! எரர் எதுவும் வரவில்லை. பிடிக்க இரண்டு வாரம் போயிற்று.

இன்னொரு குறை: ஓட்டை முழுக்க ஸ்லாப்புக்கு ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் காற்று நுழைகிற முனை குளிரும், கடைசி முனை அவ்வளவு குளிராது. ஹால் நீளமென்றால் நான் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துத்தான் ஓட்டுகிறேன்.

மற்றபடி கான்கிரீட் கணக்கில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் நாம் கொடுக்கிற காற்றில். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை 1 டிகிரி குளிர்விக்க, தான் 1 டிகிரி சூடேறிப் போகிற காற்று 1,700 கன மீட்டருக்கு மேல் வேண்டும். அதைத் தள்ளுகிற ஃபேனும் சும்மா இருப்பதில்லை. 600 பாஸ்கல் அழுத்தம், 60 சதவீதத் திறன் என்று போட்டால், காற்று ஓட்டைக்குள் போகும் முன்பே முக்கால் டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். மே மாதம் நம்ம ஊரில் விடியற்காலையே 28 டிகிரி. அப்போ கிட்டத்தட்ட 29 டிகிரிக் காற்றை ஊதித் தளத்தை எப்படி ஆற்றுவது? ஜனவரியில் 21க்கு இறங்கும்போது அழகாக வேலை செய்கிறது. ஆனால் ஜனவரியில் யார் கேட்டார்கள்?

ஏசி காற்றையே ஓட்டலாமே என்று உரிமையாளர் கேட்டார். ஓட்டலாம். ஆனால் கோடையில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25, 26 டிகிரியில் நிற்கிற ஊர் இது. ஜன்னல் திறந்த ஹாலில் தளம் அதற்குக் கீழே போனால் சீலிங் வேர்த்துச் சொட்டும். ரிசல்ட் எடுக்கும்போது சீலிங் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பனிநிலையையும் எடுத்து வையுங்கள். அப்புறம், மென்பொருளுக்குக் கொடுக்கப் பலரும் எடுக்கிற சென்னை வானிலை ஃபைல் மீனம்பாக்கத்துடையது. கடலோரம் இருக்கிற எங்கள் பக்கத்துப் புழுக்கம் அதில் அப்படியே வராது.

ஹாலுக்கு முதலில் மொட்டை மாடியில் வெள்ளை ஓடு ஒட்டச் சொல்லிவிட்டேன். ஓட்டைத் தளத்தைக் குளிர்மாதக் கணக்கோடு தனி ஃபைலில் வைத்திருக்கிறேன். வரைபடத்தைப் பார்த்த மேஸ்திரி கேட்டார்: "ஓட்டைக்குள்ள எலி பூந்தா என்னா சார் பண்ணுவ?" மென்பொருளில் எலிக்குக் கட்டமில்லை. வாய்க்கு வலை அடிப்போம் என்றேன். அன்று ராத்திரி அந்த வலைக்காக அழுத்தத்தில் 50 பாஸ்கல் கூட்டி மறுபடி ஓட்டினேன்.