லக்ஸ் குறியாக்கம்: பல ஆண்டுப் புழக்கத்தில் தெரியவந்தவை

லேப்டாப்பின் முழு வட்டையும் லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறை) போட்டுப் பூட்டி ஆண்டுக்கணக்கில் புழங்கினால் ஒன்று புரியும். குறியாக்கம் தன் வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தகராறெல்லாம் அதன் அக்கம்பக்கத்தில்தான், அதிலும் பெரும்பாலும் இயந்திரம் கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பார்டிஷனில்.

வேகம் குறையுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. பிராசஸரில் ஏஇஎஸ்-என்ஐ (ஏஇஎஸ் குறியாக்கத்தை வன்பொருளிலேயே செய்யும் வசதி) இருந்தால் அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. எல்எஸ்சிபியு கட்டளை காட்டும் ஃப்ளாக்ஸ் வரியில் ஏஇஎஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லக்ஸைக் கையாளும் கருவியான க்ரிப்ட்செட்அப்பின் பெஞ்ச்மார்க் கட்டளையை ஓட்டுங்கள். அந்த வசதி உள்ள பிராசஸர்களில் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் வரியில் நொடிக்கு 1,000 மெபிபைட்டைத் தாண்டுவது சாதாரணம். இது ரேமுக்குள் மட்டும் எடுக்கும் அளவு, வட்டின் வேகம் இதில் சேராது. ஏஇஎஸ்-என்ஐ இல்லாத பழைய பிராசஸரில் எண் வெகுவாக இறங்கிவிடும். அங்கே லினக்ஸின் மையக்கருவான கர்னலில், 5.0 பதிப்பில் சேர்ந்த அடியான்டம் என்ற மாற்றுக் குறியாக்க முறை கைகொடுக்கும். வேகமான என்விஎம்இ வட்டு வைத்திருப்பவர்கள் கர்னல் 5.9-இல் வந்த நோ-ரீட்-வொர்க்கியூ, நோ-ரைட்-வொர்க்கியூ (குறியாக்க வேலையை வரிசையில் நிறுத்தாமல் உடனே செய்யும் தேர்வுகள்) இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்கில் வேண்டாம்.

பூட் ஆகும்போது கடவுச்சொல் தட்டியபின் ஓரிரு நொடி நிற்பது கோளாறு அல்ல. லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ் 2 பயன்படுத்தும், கடவுச்சொல்லைச் சாவியாக்கும் ஆர்கான்2ஐடி முறை, திருடன் கடவுச்சொற்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதைக் கடினமாக்க வேண்டுமென்றே நேரத்தையும் ரேமையும் தின்கிறது. ரேம் 1 ஜிபி வரைக்கும் போகலாம். எவ்வளவு என்பது பூட்டைப் போட்ட அன்று அந்த இயந்திரத்தின் பலத்தை அளந்து முடிவாகிவிடும். அதே எஸ்எஸ்டியைக் கழற்றி 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் மாட்டினால் திறக்கவே நெடுநேரம் ஆகும், ரேம் போதாமல் திறக்காமலும் போகலாம். புது இயந்திரத்தில் லக்ஸ்கன்வர்ட்கீ கட்டளை கொடுத்தால் அந்த அளவு திரும்பக் கணக்கிடப்படும்.

இனி பூட் பார்டிஷன். பூட்டு போடாமல் வெளியே இருக்கும் இந்தச் சின்ன இடத்தில்தான் கர்னலும், கடவுச்சொல் கேட்டு வட்டைத் திறக்கும் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பும் கிடக்கின்றன. ஃபர்ம்வேர் சேரச் சேர அந்தக் கோப்பு பெருத்துக்கொண்டே வருகிறது. 500 மெபிபைட்டுக்குக் குறைவாக ஒதுக்கிய பழைய நிறுவல்கள் ஒருநாள் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று நிற்கும். டிஎஃப் கட்டளை இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதாகக் காட்டும்போதே இது நடப்பதுதான் குழப்பம். காரணம், பழைய இனிட்ரேம்எஃப்எஸ் இருக்கும்போதே புதியது '.நியூ' என்ற வாலுடன் பக்கத்தில் எழுதப்படுகிறது, முடிந்த பிறகுதான் பெயர் மாறுகிறது. ஆக இரண்டுக்கும் இடம் வேண்டும். யுநேம் -ஆர் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைக் குறித்துக்கொண்டு, அதைத் தொடாமல், பழையவற்றை, டெபியன் வகை லினக்ஸின் பொதி நிர்வாகியான ஏபிடிக்கு ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ் கொடுத்து நீக்குங்கள். ஏபிடியே பாதியில் சிக்கிக்கொண்டால், இருப்பதிலேயே பழைய கர்னலின் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பைக் கையால் அழித்து, டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டி, அப்புறம் பர்ஜ் செய்யலாம். இனிட்ரேம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ்=டெப் (இந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும்) என்று மாற்றினால் கோப்பு இளைக்கும்தான்; ஆனால் வட்டை வேறு இயந்திரத்துக்கு மாற்றும் நாளில் டிரைவர் இல்லாமல் நிற்கும். புதிதாக நிறுவுகிறவர்கள் பூட் பார்டிஷனுக்கு 1 ஜிபி கொடுத்துவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் பார்த்து மிச்சமாவது ஒன்றுமில்லை.

பூட் ஆகாமல் போய், லைவ் யுஎஸ்பியில் ஏறி மீட்கும்போது பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வட்டை க்ரிப்ட்செட்அப் ஓபன் மூலம் திறக்கையில் கைக்கு வந்த பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். திறக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் க்ரிப்ட்டேப் கோப்பின் முதல் நெடுவரிசையில் என்ன பெயர் இருக்கிறதோ, டெபியனில் எஸ்டிஏ3_க்ரிப்ட் போல, அதே பெயரில்தான் திறக்க வேண்டும். பெயர் மாறினால் க்ரூட்டுக்குள் (லைவ் யுஎஸ்பியில் இருந்தபடி வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து வேலை செய்யும் நிலை) அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ் ஒரு எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு, திறக்கும் பகுதியே இல்லாத கோப்பை உருவாக்கிவிடும். அடுத்த முறை பூட் ஆகும்போது கடவுச்சொல்லே கேட்காது, நேரே இனிட்ரேம்எஃப்எஸ் ஷெல்லில் கொண்டுபோய் விடும். எனவே சரியான பெயரில் திறந்து, எல்விஎம் (வட்டைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் விஜிசேஞ்ச் -ஏஒய் போட்டு, ரூட், பூட், ஈஎஃப்ஐ பார்டிஷன்களை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்த பிறகே க்ரூட்டுக்குள் போங்கள். ரீபூட்டுக்கு முன் எல்எஸ்இனிட்ரேம்எஃப்எஸ் பட்டியலில் க்ரிப்ட்செட்அப் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஹெடர் (சாவி விவரங்கள் பதிவாகியிருக்கும் வட்டின் தலைப்பகுதி) விஷயம் சின்னது, ஆனால் உயிர்நாடி. லக்ஸ் 2-இல் வழக்கமாக வட்டின் முதல் 16 மெபிபைட்டுக்குள் இருக்கும் ஹெடர் சிதைந்தால், கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. லக்ஸ்ஹெடர்பேக்கப் எடுத்து வேறொரு வட்டில் வையுங்கள். பூட்டிய வட்டுக்குள்ளேயே வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. இதில் மறுபக்கமும் உண்டு. கடவுச்சொல் கசிந்துவிட்டது என்று மாற்றினாலும், பழைய ஹெடர் நகலும் பழைய கடவுச்சொல்லும் ஒருவரிடம் சேர்ந்தால் வட்டு திறக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் மூலச் சாவி மாறுவதில்லை. அந்த நிலையில் பழைய நகல்களை அழிக்க வேண்டும். நகல் யார் கையில் என்றே தெரியாவிட்டால் ரீஎன்க்ரிப்ட் ஒன்றுதான் வழி. கடவுச்சொல் மாற்றும்போது முதலில் லக்ஸ்ஆட்கீ, பிறகு --டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் வைத்துச் சோதனை, கடைசியில் பழையதை நீக்குவது.

காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம், லக்ஸ் வழியே தானாக வேலை செய்யாது. க்ரிப்ட்டேப்பில் டிஸ்கார்ட் என்ற தேர்வு இருக்க வேண்டும். எந்த இடங்கள் காலி என்பது வெளியே தெரியும், அதற்குச் சம்மதம் என்றால் போடலாம்.

மூடி வைத்த லேப்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி ரேமிலேயே இருக்கிறது. பையோடு களவு போனால் குறியாக்கத்தின் பலன் பாதிதான். டெபியனில் க்ரிப்ட்செட்அப்-சஸ்பெண்ட் பொதி, தூங்கப்போகும் முன் சாவியை ரேமிலிருந்து துடைத்துவிட்டு, எழும்போது கடவுச்சொல் கேட்கும். ஹைபர்னேட் இன்னும் பத்திரம், ஆனால் ரேமில் உள்ளவை எழுதப்படும் வட்டுப் பகுதியான ஸ்வாப்பும் அதே குறியாக்கத்துக்குள் இருக்க வேண்டும்; ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தற்செயல் சாவி போடும் ஸ்வாப்பில் ஹைபர்னேட் நடக்காது. செக்யூர் பூட் இயங்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் கர்னல் லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். அங்கே வெளியே கிளம்பும் முன் ஷட்டவுன் செய்துவிடுவதுதான் வழக்கம்.