கொசு ஒழிப்புச் சேவை: புகையை விட டார்ச் வெளிச்சம் மேல்

அரசு நிதியில் எங்கள் தெருவுக்கு வரும் கொசு ஒழிப்புச் சேவையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். முன்பெல்லாம் புகை மட்டும் அடிப்பார்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழு தப்பிவிடும், ஏழெட்டு நாளில் அதுவும் கொசுதான்.

இந்த முறை வந்த அக்கா டார்ச் அடித்து, ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்த தட்டை இழுத்துக் காட்டினார். நூல் நூலாய்ப் புழுக்கள்! என் மகள் டெங்குவில் படுத்து எழுந்தவள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதும்மா, ஓரத்தில் ஒட்டியிருக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தேய்த்துக் கழுவுங்கள்" என்றார். அருமையான வேலை.

குறை ஒன்றுதான். காய்ச்சல் பரவிய பிறகே நிதியும் ஆளும் வருகிறார்கள். மழைக்கு முன்பே வரட்டும், அதுவும் வாராவாரம்.