விக்டோரினாக்ஸ் ஸ்பார்டன்: ஒன்பது வருடம் பாக்கெட்டில் இருந்த பேனாக்கத்தி

சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் சீமைக்கருவேல முள்தான். என் தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் இரும்பு முள்வாங்கி ஒன்று எப்போதும் தொங்கும். வயலுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, அது அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. வெற்றிலைப் பையில் ஒரு சின்னப் பாக்குவெட்டி இருக்கும். அரிவாள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். வெட்டும் வேலை இருந்தால் மட்டும் கைக்கு வரும். எதை உடம்போடு வைத்துக்கொள்வது, எதை வீட்டில் வைப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

எனக்கு இருந்தது. சந்தையில் பதினைந்து கருவிகளோடு ஒரு பேனாக்கத்தி வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் மூட்டு துருப்பிடித்து, பாதிக் கருவிகளை நகத்தால் இழுத்தும் திறக்க முடியவில்லை. அப்புறம்தான் 2016-இல் விக்டோரினாக்ஸ் ஸ்பார்டன் வாங்கினேன். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக வேலை நாள், விடுமுறை நாள் என்று பார்க்காமல் பாக்கெட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இது ஒன்று போதுமா? ரம்பம், கொறடு எல்லாம் இருக்கிற பெரியதாக வாங்கியிருக்கலாமே?” அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஸ்பார்டன் மடித்தால் 91 மில்லிமீட்டர், எடை 60 கிராம் அளவு. பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், பின்பக்கம் குத்தூசியும் கார்க் திருகும் (பாட்டில் கார்க்கை இழுத்தெடுக்கும் சுருள்), கைப்பிடிக்குள் செருகிய முள்வாங்கியும் பல்குச்சியும். அவ்வளவுதான். கணக்கில் 12 பயன்கள் என்று போடுவார்கள்.

வாங்கும்போது அலகுதான் முக்கியம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்பது வருடத்தில், வேறு எதுவும் உதவாத நேரத்தில் நன்றியோடு எடுத்தது அந்த முள்வாங்கியைத்தான். கருவேல முள் பாதத்தில் ஏறி நுனி ஒடிந்துவிட்டால், நகத்தால் நோண்ட நோண்ட உள்ளேதான் போகும். சின்ன அலகின் நுனியால் மேல்தோலை லேசாக விலக்கி, முள்வாங்கியால் பிடித்து, முள் ஏறிய சாய்விலேயே இழுத்தால் முழுசாக வந்துவிடும். மகளின் விரலில் ஏறிய மரச் சிராய், நாய் காதில் ஒட்டிய உண்ணி, செல்போனின் சார்ஜர் துளைக்குள் அடைந்த பஞ்சு, எல்லாவற்றுக்கும் இதே தகட்டுத் துண்டுதான். (உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. போனை முதலில் அணைத்துவிடுங்கள்.)

அடுத்த இடம் டின் திறப்பானுக்கு. நம் வீட்டில் டின் திறக்கும் வேலை வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். ஆனால் அதன் நுனி 3 மில்லிமீட்டர் தட்டை திருப்புளி. சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலான ஸ்டார் தலை திருகுகளிலும் உட்கார்ந்துவிடும். ஆடுகிற குக்கர் கைப்பிடி, கழன்ற சுவிட்ச் போர்டு மூடி, பொம்மையின் பேட்டரிக் கதவு என்று வாரத்துக்கு ஒன்றாவது வரும். இது தற்செயலாக அமைந்தது இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884-இல் தொடங்கிய பட்டறைதான் பிறகு விக்டோரினாக்ஸ் ஆனது. 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். சிப்பாய்க்கு அன்று தேவைப்பட்டது டின்னில் வந்த சாப்பாட்டைத் திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் ஒரு கருவி. அந்தத் திருப்புளித் தேவைதான் இன்று என் குக்கர் கைப்பிடி வரைக்கும் வந்திருக்கிறது.

பாட்டில் திறப்பானின் நுனி 6 மில்லிமீட்டர் தட்டை. உடைத்த தேங்காய் மூடியிலிருந்து சில்லு பெயர்க்க இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. அலகால் நெம்பினால் நுனி ஒடியும், இல்லையென்றால் உள்ளங்கையில் இறங்கும். இது மழுங்கலாக இருப்பதால் பயமில்லை. பெயின்ட் டப்பா மூடிக்கும் இதுவே. இதன் அடியில் ஒயர் தோல் உரிக்க ஒரு பள்ளம் உண்டு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கைப்பிடி பிளாஸ்டிக் என்பதால் ஷாக் அடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். கருவிகள், உள்தகடுகள், முதுகு எல்லாம் வெறும் உலோகம். மெயினை அணைக்காமல் இதை மின்சார வேலைக்கு எடுக்கவே கூடாது.

இனி அலகு. கொரியர் பார்சல், 20 லிட்டர் தண்ணீர் கேனின் சீல், உர மூட்டைத் தையல், பஸ் பயணத்தில் கொய்யா, வெள்ளரி. தினசரி வேலை இதுதான், இதற்கு அது தாராளம். எஃகு கொஞ்சம் மென்மையானது, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 பக்கம் வரும். விலை உயர்ந்த கத்திகளின் எஃகு இதைவிடக் கடினமாக இருக்கும், கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் அவற்றைத் தீட்டுவது தனி வேலை. ஸ்பார்டனை நான் பீங்கான் காபிக் கோப்பையின் அடியில், பளபளப்புப் பூச்சு இல்லாத அந்த வளையத்தில், பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுப்பேன். சாய்வு 20 டிகிரி பக்கம். தாள் சரசரவென்று அறுபடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முறையான தீட்டுக்கல். தெருவில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கைதான் சரி. இவ்வளவு மெல்லிய அலகு சுழலும் சக்கரத்தில் சூடேறினால் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் நிற்காது.

இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. திறந்த அலகை முதுகு வில்லின் அழுத்தம் மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறது. 2018-இல் ஒரு நீல டிரம்மின் மூடியில் ஓட்டை போட அவசரத்தில் அலகை நேராகக் குத்தினேன். வழுக்கி, மடங்கி, ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். கத்தி மேல் குற்றமில்லை. குத்துவதற்கு அதில் குத்தூசி இருக்கிறது, நான் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அலகால் இழுத்து அறுப்பது மட்டும்தான், குத்துவது கிடையாது. பையன்கள் கையில் கொடுக்கிறவர்கள் இதை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

வயல் வேலையில்தான் இதன் எல்லை சரியாகத் தெரிந்தது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் சொட்டு நீர்ப் பாசனம். செடி வரிசையோடு ஓடும் 16 எம்எம் லேட்டரல் குழாயை அறுக்க அலகு நன்றாக இருக்கிறது. ஆனால் குத்தூசியால் குழாயில் துளை போட்டுப் பார்த்தேன். விளிம்பு கிழிந்து, சின்னக் குழாயைச் செருகியும் ஒழுகியது. அந்தத் துண்டையே வெட்டிப் போட்டு ஜாயினர் மாட்ட வேண்டியதாயிற்று. துளை போட அதற்கான பஞ்ச் வேண்டும். நட்டு திருக, கம்பி முறுக்க, இறுகிய வால்வைப் பிடிக்கக் கட்டிங் பிளேயர் வேண்டும். மைத்துனர் லெதர்மேன் வேவ் என்ற மடக்குக் கருவி வைத்திருக்கிறார், அதில் கொறடே இருக்கிறது. அருமையான சாமான், இரண்டு வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் 241 கிராம். வேட்டி மடிப்பிலும் வைக்க முடியவில்லை, சட்டைப் பையிலும் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாளே வண்டிப் பெட்டிக்குப் போய்விட்டது. வண்டிப் பெட்டியில்தான் கிடக்கப் போகிறது என்றால், அங்கே முழு அளவுக் கட்டிங் பிளேயரே இருக்கலாமே. இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். இளநீர், பனங்காய், மூங்கில் இதற்கெல்லாம் அரிவாள். எந்தப் பேனாக்கத்தியும், எவ்வளவு விலை கொடுத்தாலும், இளநீர் சீவாது.

மலைக்கு வருவோம். காணொளிகளில் குளிர் நாட்டுக்காரர்கள் காட்டில் மரம் பிளந்து, நெருப்பு மூட்டி, கூடாரக் குச்சி சீவுவதைப் பார்த்துவிட்டு ரம்பம் இல்லாத கத்தி எதற்கு என்று கேட்கிறார்கள். நம் காடு வேறு. வனத்துறை அனுமதியோடு நடக்கும் பாதையில் செடி கொடியை வெட்டவோ நெருப்பு மூட்டவோ கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை உயிர் போன பிறகும் மலையில் விறகு அடுக்க ஆசைப்படுவது எனக்குப் புரியவில்லை. ஆக, ரம்பத்துக்கு இங்கே வேலை இல்லை. மலையில் உண்மையில் வருவது அறுந்த பொருளைக் கட்டுவது, கொப்புளத்தில் போட பிளாஸ்டர் வெட்டுவது, முள் எடுப்பது, பழம் நறுக்குவது.

ஒரு முறை கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கினோம். அப்போது வண்டி போகாத ஊர், நடந்துதான் போக வேண்டும். பாதி இறக்கத்தில் நண்பரின் முதுகுப் பையில் தோள் பட்டை அடித்தையலோடு பிய்ந்துவிட்டது. எட்டுக் கிலோ பையை அந்தச் சரிவில் ஒற்றைத் தோளில் சுமந்தால் கால் தடுமாறும். ஸ்பார்டனின் குத்தூசியில் ஊசிக்கண் மாதிரி ஒரு துளை உண்டு. என்னிடம் தூண்டில் நரம்பு கொஞ்சம் இருந்தது. துளையில் நரம்பைக் கோத்து, பட்டையைக் குத்தி, மறுபக்கம் வளையம் எடுத்து, செருப்புத் தைக்கிறவர் போலவே ஏழு தையல். முக்கால் மணி நேரம் ஆனது. குத்தூசிக்கும் பூட்டு இல்லை, ஒரு பக்கம் கூர். பக்கவாட்டில் அழுத்தாமல் நேராகத் திருகித் திருகி இறக்க வேண்டும். அந்தத் தையல் இன்னும் அந்தப் பையில் இருக்கிறது.

அதே பயணத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். டிசம்பர் மாதம். காலையில் கத்தியைத் திறக்கப் போனால் அசையவில்லை. முதல் நாள் வீட்டில் மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். கொடைக்கானல் குளிரில் மூட்டுக்குள் மெழுகாக நின்றுவிட்டது. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் திறந்தது. இப்போது தையல் மிஷின் எண்ணெய், மூட்டுக்கு ஒரு சொட்டு. மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் அன்றே கழுவித் துடைத்துவிடுகிறேன். ஸ்டெயின்லெஸ்தான் என்றாலும் புளிப்பும் உப்பும் நாள்பட்டால் கறை விழும். மாதத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் எல்லாக் கருவிகளையும் திறந்து மூடினால் பாக்கெட் தூசி வெளியே வந்துவிடும்.

கார்க் திருகு எனக்கு இடத்தை அடைக்கிற ஒன்றுதான். 1897-இல் வந்த அதிகாரிகள் கத்தியில் சேர்ந்தது, அப்படியே தங்கிவிட்டது. இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்க மட்டும் நல்லது. பிறகு அந்தச் சுருளுக்குள் திருகி வைக்கும் குட்டித் திருப்புளி ஒன்று தனியாக விற்கிறார்கள் என்று தெரிந்து வாங்கினேன். மூக்குக் கண்ணாடித் திருகுக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. அதனால் இப்போது மன்னித்துவிட்டேன். இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் டிங்கர் மாடலைச் சொல்வேன். இதே அளவு, கார்க் திருகுக்குப் பதிலாக ஸ்டார் திருப்புளி. வீட்டில் மாத்திரை அட்டை, நூல், பால் கவர் என்று அதிகம் வெட்டுகிறவர்களுக்குக் கத்தரி உள்ள கிளைம்பர். என் மனைவிக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கத்தரியை நான் அடிக்கடி இரவல் கேட்கிறேன். அதைத் தாண்டிய தடிமன் பாக்கெட்டில் தங்காது. வாங்கும்போது பெரிய அலகின் அடியில் விக்டோரினாக்ஸ், சுவிஸ் மேட் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புக் கைப்பிடியில் சிலுவை போட்ட போலிகள் நிறைய.

பயணத்தில் ஒரே கவனம் விமானம். கைப்பையில் போனால் பாதுகாப்புச் சோதனையோடு கத்தி போய்விடும், செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும். மெட்ரோ நிலையத்திலும் பையை ஸ்கேன் செய்வார்கள், அன்று வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

என் கத்தியின் இன்றைய நிலை: பெரிய அலகு தீட்டித் தீட்டி ஒரு மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கிறது. கைப்பிடியில் சாவிக்கொத்து உரசிய கீறல்கள். முதல் பல்குச்சியை நான் எங்கோ தொலைத்தேன், இரண்டாவதுதான் இப்போது இருக்கிறது. மூட்டு எதுவும் ஆடவில்லை. போன ஞாயிறு வரப்பில் அம்மா காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏப்பா, அந்த முள்வாங்கியக் கொஞ்சம் கொண்டா” என்றார். முழுக் கத்திக்கும் அவர் வைத்திருக்கும் பெயரே அதுதான்.