நானோ துகளுக்கு எந்தச் சட்டை: சிலிக்காவா, பாலிமரா?

ரத்தத்தில் நோயைக் காட்டும் புரதம் துளியூண்டு இருந்தால், அதில் ஒட்டிய ஒளிர்சாயத்தின் வெளிச்சம் கருவிக்குப் போதாது. பக்கத்தில் ஒரு வெள்ளி அல்லது தங்க நானோ துகள் இருந்தால் அது ஆன்டெனாவாக ஒளியைக் குவித்து சாயத்தைப் பளிச்சிட வைக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்க ஆன்டெனாவின் இடுக்கில் இருந்த ஒற்றைச் சாய மூலக்கூறு 1,340 மடங்கு வரை கூடுதலாக ஒளிர்ந்தது. உடனே மயங்கிவிட வேண்டாம், அந்தச் சாயம் இயல்பிலேயே மங்கல். நன்றாக ஒளிரும் சாயத்தில் இவ்வளவு ஏற்றம் வராது.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. உலோகத்தை ஒட்டிவிட்டால் சாயத்தின் ஆற்றல் வெப்பமாகி ஒளி அணைந்துவிடும். 10 நானோமீட்டரை ஒட்டி நல்ல ஆதாயம். இன்னும் தள்ளிப் போகப் போகப் பலன் தேயும். குளிர்காய்வது மாதிரிதான். அந்த இடைவெளியைப் பிடித்து வைப்பதே துகளுக்குப் போடும் சட்டையின், அதாவது உறையின் வேலை.

சிலிக்கா உறைக்கு, கரைசலில் சிலிக்காவை வளர்க்கும் 1968-இல் வந்த ஸ்டோபர் முறையே அடிப்படை. கண்ணாடி போலக் கெட்டியானது, போட்ட தடிமன் அப்படியே நிற்கும். ஆனால் அந்த முறையில் சேர்க்கும் அம்மோனியா வெள்ளியையே அரிக்கக்கூடும். மெல்லிய உறையைச் சீராகப் போடுவதும் எளிதல்ல.

பாலிமரில் நேர்மின், எதிர்மின் சங்கிலிகளை மாற்றி மாற்றிப் படிய விடுகிறார்கள். ஓர் அடுக்கு சுமார் 1 முதல் 2 நானோமீட்டர். ஆகவே அடுக்கை எண்ணியே தூரத்தைத் தீர்மானிக்கலாம். எனக்கு இதுதான் பிடித்த அம்சம். ஒவ்வோர் அடுக்குக்கும் மையவிலக்கில் சுழற்றிக் கழுவ வேண்டும் என்பது பெரிய தலைவலி, அசந்தால் துகள்கள் கட்டி தட்டிவிடும். கரைசலில் உப்பு மாறினால் தடிமனும் கொஞ்சம் மாறும்.

சரி, உலோகம்? வெள்ளியின் ஆன்டெனா வலு அதிகம், ஆனால் அதன் சிறு உருண்டைகள் 400 நானோமீட்டர் அலைநீளப் பக்கம்தான் வேலை செய்யும். ரத்தத்தின் சொந்த ஒளிர்வும் நீலம், பச்சைப் பக்கமே தொல்லை தரும். அதனால் அகச்சிவப்பை ஒட்டி இயங்கும் தங்கக் குச்சிகள் என் தேர்வு. அவற்றை வளர்க்கும்போது மேலே ஒட்டும் சி.டி.ஏ.பி. என்ற நேர்மின் சோப்பு செல்களுக்கு ஆகாது. எதிர்மின் பாலிமரோ அதன்மேல் நேராகப் போய் உட்காரும். கெடுதலை மறைத்துக்கொண்டே முதல் அடுக்கும் ஆயிற்று.

வெளி அடுக்கில் பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்காலைப் போட மறக்கக் கூடாது. தேவையற்ற புரதங்கள் ஒட்டாமல் தடுப்பது அதுதான். இல்லாவிட்டால் அவற்றோடு வந்து ஒட்டும் சாயத்தையும் இதே ஆன்டெனா பாகுபாடில்லாமல் பளிச்சிட வைக்கும்.