மையமா, பட்டறையா: ஒரே வெல்டிங் பயிற்சிக்கு இரண்டு முன்மொழிவுகள்

தொழிற்பயிற்சிக்கு நிதி கேட்டு எழுதப்படும் முன்மொழிவுகள் பலவும் கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்குகின்றன. காலியாக ஒரு கட்டடம் இருந்தால் மையப் பயிற்சி. தெரிந்த முதலாளிகள் நாலு பேர் இருந்தால் பட்டறைப் பயிற்சி. வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான தேவையைப் பிறகு தேடிப் பிடித்து முதல் பக்கத்தில் வைப்பார்கள். நாளெல்லாம் முன்மொழிவு படிக்கிறவர்களுக்கு இது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

வெல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். 20 பேரை ஒரு மையத்தில் சேர்த்து மூன்று மாதம் சொல்லிக்கொடுப்பது ஒரு வழி. அதே 20 பேரைப் பத்துப் பட்டறைகளில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு, வேலையோடு வேலையாகப் பழக விடுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் எழுதும் முன்மொழிவு ஒரு பகுதியில்கூட ஒன்றுபோல இருக்காது. இருந்தால் ஏதோ ஒன்று காப்பி அடிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தேவை என்ன என்று சொல்லும் பகுதி

மைய முன்மொழிவில் இந்த இடத்தில் வேலையின்மைப் புள்ளிவிவரம் நிறைந்திருக்கும். இத்தனை லட்சம் இளைஞர்கள், இத்தனை சதவீதம் வேலையற்றோர். அது உண்மையாகவே இருந்தாலும், வெல்டர் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பட்டறை முன்மொழிவில் இந்தத் தப்பு நடப்பது குறைவு. முதலாளிகளிடம் பேசாமல் அதை எழுதவே முடியாதே.

ஆனால் பேசுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "பயிற்சி பெற்ற ஆள் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், சொல்வதில் அவர்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. "போன வருடம் புதிதாக எத்தனை பேரை எடுத்தீர்கள்? என்ன சம்பளத்தில்? எத்தனை பேர் நின்றார்கள், போனவர்கள் ஏன் போனார்கள்?" என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். மையத்தில் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களும் இதே கேள்விகளைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டேக்கம் என்று ஒரு முறை 1960களின் கடைசியில் கனடாவில் உருவானது. அந்தத் தொழிலில் கைதேர்ந்த வேலையாட்கள் சிலரை உட்கார வைத்து, தினசரி என்னென்ன செய்கிறார்கள் என்று கடமைகளாகவும் வேலைகளாகவும் பிரித்து வரிசைப்படுத்தச் சொல்வார்கள். பொதுவாக இரண்டு நாளில் முடிந்துவிடும். பழைய சிலபஸைப் பின்னிணைப்பாக ஒட்டுவதைவிட, அந்த இரண்டு நாள் பட்டியல் எந்த வழிக்கும் வலு சேர்க்கும்.

பட்ஜெட்: இரண்டு வழிகளும் பிரியும் இடம்

மைய முன்மொழிவின் பட்ஜெட் பார்க்க அழகாக இருக்கும். கட்டடம், மெஷின், பயிற்றுநர் சம்பளம் என்று எல்லாம் எண்ணிவிடக்கூடிய செலவுகள். கணக்குத் தணிக்கைக்கும் வசதி. நிதி கொடுப்பவர்கள் மையத்தை விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். திறப்பு விழாவில் படம் எடுக்கவும் ஒரு கட்டடம் இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 20 பேர், 5 வெல்டிங் மெஷின்கள், ஒரு நாளைக்கு 4 மணி நேரச் செய்முறை. ஒருவர் கைக்கு மெஷின் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் தகடு வெட்டுவது, துரு தேய்ப்பது, வெல்டின் மேல் ஒட்டிய கசடை (ஸ்லாக்) தட்டி எடுப்பது போக, வெல்டிங் ராடு உண்மையில் எரியும் நேரம் இன்னும் குறைவு. வெல்டிங்கில் கை பழகுவது அந்த நேரத்தில்தான். "360 மணி நேரப் பயிற்சி" என்று முன்மொழிவு சொல்லும். ஒருவருக்கு எத்தனை மணி நேரம் மெஷின் கிடைக்கும் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

அடுத்து நுகர்பொருள். ராடு, பழகுவதற்கான இரும்புத் தகடு, கிரைண்டிங் வீல், மின்சாரம். மெஷின் ஒருமுறை வாங்குவது. இவை தினமும் தீர்பவை. பெருந்தொகையை மெஷினில் போட்டுவிட்டு இதற்குக் கொஞ்சம் ஒதுக்கினால், கடைசி மாதத்தில் பயிற்றுநர் ஒருவர் வெல்டிங் அடிக்க மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சான்றிதழ் என்னவோ எல்லாருக்கும் கிடைக்கும்.

பட்டறை வழியில் இந்தச் செலவுகள் மறைந்துவிடுவது போலத் தோன்றும். மெஷின் பட்டறைக்காரருடையது, ராடும் அவருடையது. எனவே பட்ஜெட் பாதியாகக் குறைகிறது என்று எழுதுவார்கள். குறைவதில்லை, வேறு ஆள் தலையில் விழுகிறது. புதுப் பையன் கெடுக்கும் இரும்பு, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரியின் நேரம், அதனால் தாமதமாகும் ஆர்டர் எல்லாம் பட்டறைக்காரரின் நஷ்டம். அதை முன்மொழிவு ஈடுகட்டாவிட்டால் அவரே ஈடுகட்டிக்கொள்வார்: மூன்று மாதமும் பையனைக் கிரைண்டிங் பிடிக்கவும் சாமான் தூக்கவும் வைத்து. ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் அவர் நினைப்பதில்லை. அவர் கணக்கு அப்படி.

ஆகவே பட்டறை முன்மொழிவில் மூன்று செலவுகள் கட்டாயம் இருக்க வேண்டும். மேஸ்திரிக்குத் தனியாக ஊக்கத்தொகை. அது முதலாளி வழியாகப் போகாமல் நேராக அவர் கைக்குப் போக வேண்டும். பயிற்சி பெறுபவருக்கு உதவித்தொகை, விபத்துக் காப்பீடு, ஹெல்மெட், தோல் கையுறை, ஷூ. மூன்றாவது, வாரம் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்க்கும் ஆளின் சம்பளம். எந்த வாரம் எந்த வேலை கற்க வேண்டும் என்ற அட்டவணை அவர் கையில் இருக்கும். "கண்காணிப்பு" என்ற பெயரில் வருவதால் நிர்வாகச் செலவு என்று நினைத்து முதலில் வெட்டுவது இதைத்தான். இது போனால் முழுப் பயிற்சியும் போய்விடும்.

ஜெர்மனியை இழுப்பவர்கள்

பட்டறை முன்மொழிவுகளில் பாதிக்கு மேல் "ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் போல" என்ற வரி வரும். அந்த முறைக்கு 1969இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம் அடித்தளம். இளைஞர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். உதவித்தொகையை நிறுவனம் தருகிறது. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார். பெரும்பாலான தொழில்களில் இது மூன்று, மூன்றரை ஆண்டு நடக்கிறது. தேர்வு நடத்துவது தொழில், வணிகச் சபைகள். அந்தச் சபைகளின் சான்றிதழை எல்லா முதலாளிகளும் மதிப்பதால்தான் முழுக் கட்டமைப்பும் நிற்கிறது. மூன்று மாதத் திட்டத்தில், தேர்வு வைக்கும் பொது அமைப்பே இல்லாமல், இதைப் போல என்று எழுதுவது நிதி கொடுப்பவரின் புன்னகைக்குத்தான் பயன்படும். அங்கிருந்து எதை எடுக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். எழுத்துபூர்வ ஒப்பந்தத்தை எடுக்கலாம். பட்டறைக்காரர் அல்லாத ஒருவர் தேர்வு வைப்பதை எடுக்கலாம்.

எண்ணை வாக்குறுதியாகக் கொடுப்பது

"80 சதவீதம் பேருக்கு வேலை" என்று இரு தரப்பும் எழுதுகிறது. இதில் இரண்டு வழிகளுக்கும் ஒரே நோய்தான்: பயிற்சி இல்லாமலே இவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும் என்ற கேள்வியை யாரும் தொடுவதில்லை. உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி, வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 100 பேருக்குத் தொழிற்பயிற்சி வாய்ப்பு கொடுத்தால், பயிற்சியால் மட்டுமே கூடுதலாக வேலை பெறுவோர் மூன்று பேருக்கும் குறைவு என்று அதிலிருந்து தெரிகிறது. விஷயம் தெரிந்தவர் கண்ணில் 80 சதவீதம் என்ற வாக்குறுதி கேள்விக்குறியோடுதான் படும்.

எல்லாத் திட்டமும் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. கொலம்பியாவில் 2001 முதல் 2005 வரை நடந்த ஹோவெனெஸ் என் அக்சியோன் திட்டத்தில் மூன்று மாதம் வகுப்பு, அடுத்த மூன்று மாதம் நிறுவனத்தில் வேலைப் பழக்கம். குலுக்கல் முறையில் ஆள் எடுத்து ஆராய்ந்ததில் பெண்களின் வருமானம் ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்தது. ஆண்களிடம் அந்த அளவு மாற்றம் தென்படவில்லை. கவனித்தால் இது மையமும் இல்லை, பட்டறையும் இல்லை, இரண்டும் அடுத்தடுத்து.

வேலை கிடைத்தால்தான் பணம் என்ற நிபந்தனையோடு வரும் நிதியில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு வேலைப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் நடந்த பயிற்சிகளில், பயிற்சி கொடுத்த நிறுவனங்களை வேலைவாய்ப்பு எண்ணால் அளந்தார்கள். எப்படியும் வேலை கிடைக்கக்கூடியவர்களையே பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற விவாதம் அங்கே நீண்ட காலம் நடந்தது. பட்டறை வழியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் முதலாளிக்கும் பங்கு உண்டு. தம்பி மகனையும் மச்சினனையும் சேர்த்துவிடுவார். யாரைச் சேர்ப்பது என்ற விதியை முன்மொழிவிலேயே எழுதிவிடுவது நல்லது.

திட்டத்தின் இலக்கு, அளவுகோல், அனுமானம் எல்லாவற்றையும் கட்டம் கட்டி அடுக்கும் லாக்ஃபிரேம் அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக (யுஎஸ்எய்ட்) உருவானது. நிதி கொடுப்பவர்கள் இன்றும் கேட்கிறார்கள், நிரப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதில் கடைசி நெடுவரிசையான "அனுமானங்கள்" மட்டும் நேரம் செலவிடத் தக்கது. மையத்துக்கு: "பயிற்சி முடித்தவரைப் பட்டறைகள் எடுக்கும்." பட்டறைக்கு: "பட்டறைக்காரர் சொல்லிக்கொடுப்பார்." இரண்டு திட்டமும் விழுவது அந்தந்த வரியில்தான்.

என் தேர்வைக் கேட்டால், நான்கைந்து வாரம் மையத்தில் பாதுகாப்பும் அடிப்படைக் கைப்பழக்கமும், பிறகு பட்டறை. கையொப்பமிட்ட பட்டறை ஒப்பந்தங்கள் கையில் இல்லாதவர்கள் மட்டும் மையத்தோடு நிற்கட்டும். ஆனால் ஆட்களை 20இலிருந்து 10 ஆக்கிவிட்டு, மிஞ்சும் பணத்தை ராடுக்கும் தகடுக்கும் போடட்டும்.

இரண்டு வழியிலும் விடுபடும் ஒரு செலவு உண்டு: முடித்தவர்களை ஆறு மாதம் கழித்துத் தேடிக் கண்டுபிடிப்பது. சேரும் நாளிலேயே அவரவர் போன் எண்ணோடு வீட்டில் இருப்பவர் ஒருவரின் எண், நண்பர் ஒருவரின் எண் என்று இரண்டு கூடுதல் தொடர்புகளை வாங்கி வைக்க வேண்டும். பயிற்சி முடியும்போது சிம்மை மாற்றியிருப்பார்கள்.